பரணை இறக்குவது எப்படி: இல்லாமலே நன்றாக வாழக்கூடிய வசதிகளைக் கழிக்க ஒரு முழு வழிகாட்டி

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வட சென்னையில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். போன கரண்ட் நான்காம் நாள் சாயங்காலம்தான் திரும்பி வந்தது. அந்த நான்கு நாளும் வீட்டில் யார் யார் எதையெதைத் தேடினோம் என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். போன் செத்துக் கிடந்தது, வேறு வேலையும் இல்லை.

குடிதண்ணீர், பால், போன் சார்ஜ், வெளிச்சம். மாடித் தொட்டி காலியானதும் மோட்டார். மூன்றாம் நாள் மிக்ஸி. ஃபிரிட்ஜை ஒருமுறை திறந்து, உள்ளே கிடந்த வஞ்சிரத்தைப் பார்த்துவிட்டு மூடினோம். அவ்வளவுதான் பட்டியல். பக்கத்துத் தெரு அடிபம்புக்கு மட்டும் கரண்ட் தேவைப்படவில்லை. மூன்று தெரு ஜனமும் அங்கேதான் குடத்தோடு நின்றது.

கரண்ட் வந்த ராத்திரி அந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. பரணில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய சாமான் இருக்கிறது. அடுப்பங்கரை மேடையில் பாதி இடத்தை மெஷின்கள் அடைத்திருக்கின்றன. மிக்ஸியைத் தவிர அவற்றில் ஒன்றின் பெயர்கூட நோட்டில் இல்லை. எங்கள் வீடு மொத்தமே நானூறு சதுர அடி. அதில் தேடப்படாத சாமான்களுக்கு மட்டும் ஒரு ஆள் படுக்கும் அளவு இடம் போயிருந்தது.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்ததில் கற்றுக்கொண்டதுதான் இந்த வழிகாட்டி. சில இடங்களில் சறுக்கினேன், அதையும் சொல்கிறேன்.

எதைத் தொடக்கூடாது

கழிக்கும் வேகத்தில் ஒரு நாள் வீட்டில் சொன்னேன்: "அத்தை, அந்தக் காலத்துல அம்மியிலதானே அரைச்சீங்க, நாமும் அப்படி இருக்கலாமே." என் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. "ஒரு வாரம் அரைச்சுப் பாரும்மா. அப்புறம் வந்து பேசு."

அவர் வாழ வந்தது கொருக்குப்பேட்டையில் ஏழு குடித்தனம் இருந்த வளவு வீட்டுக்கு. ஏழு குடித்தனத்துக்கும் ஒரே கல்லுரல். இட்லிக்கு மாவாட்ட முறை வைத்திருந்தார்களாம், இவருடைய முறை ராத்திரி பத்து மணிக்கு மேல். 2011-இல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய மிக்ஸியும் கிரைண்டரும் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகின்றன. அந்தக் கிரைண்டருக்கு ஆயுத பூஜையன்று மற்றவற்றைவிடப் பெரிய பொட்டு வைப்பவர் அவர்தான்.

எனவே முதல் விதி: முதுகொடித்த வேலையை உண்மையாகவே எடுத்துக்கொண்ட எதையும் தொடாதீர்கள். மிக்ஸி, கிரைண்டர், கேஸ், குக்கர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன். வீட்டில் வயதானவருக்கோ நோயாளிக்கோ தேவைப்படும் பொருள் எதுவாக இருந்தாலும் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும். பழங்காலப் பெருமை பேசுபவர்களில் பெரும்பாலானோர் மாவாட்டியதில்லை என்பது என் அனுபவம்.

நாம் தேடுவது வேறு ஜாதி. ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதே அளவு வேறு வேலையைக் கையில் கொடுக்கும் பொருள். இல்லையென்றால் நம் வேலையை இன்னொருவர் தலையிலோ இன்னொரு ஊர் மண்ணிலோ இறக்கி வைக்கும் பொருள்.

படி 1: பரணைக் காலி செய்யுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள், மீன் குழம்பு சாப்பிட்ட பிறகு யாரும் ஸ்டூல் மேல் ஏறமாட்டார்கள். பரண், கட்டிலடி, அடுப்பு மேடை, பீரோவின் தலை என்று எல்லா இடத்திலிருந்தும் வசதிக்காக வாங்கியதைக் கூடத்தில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். நினைவில்லை என்றால் "நினைவில்லை" என்றே எழுதுங்கள்.

எங்கள் கூடத்தில் பரப்பியதைச் சொல்கிறேன்: ரொட்டி மேக்கர், கயிறு இழுத்தால் வெங்காயம் நறுக்கும் டப்பா, சாண்ட்விச் டோஸ்டர், ஜூஸர், கையில் பிடிக்கும் வாக்குவம் கிளீனர், முட்டை அவிக்கும் மெஷின், தொப்பை குறைக்கும் பெல்ட். டேப்பில் பாதிக்கு மேல் "நினைவில்லை".

அந்த முட்டை மெஷினைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். மஞ்சள் நிறம், கோழிக்குஞ்சு வடிவம், ஏழு முட்டைக்குக் குழி. கூடவே ஒரு அளவு டம்ளர். அதன் அடியில் ஒரு ஊசி. முட்டையின் அகலமான பக்கத்தில் அந்த ஊசியால் ஓட்டை போட வேண்டும். எத்தனை முட்டை, எந்தப் பதம் என்பதற்கு ஏற்ப டம்ளரில் உள்ள கோடு பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெந்ததும் ஊளையிடும். இதுவரைக்கும் பரவாயில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. நாலு தடவை அவித்ததும் அடித்தட்டில் வெள்ளையாகப் படை கட்டிவிடும். கரண்ட் பாகம் அடியிலேயே இருப்பதால் தண்ணீரில் முக்கித் தேய்க்கவும் முடியாது. எலுமிச்சை மூடியை வைத்து, விரல் நுனியால், ஓரத்தில் தண்ணீர் போகாமல் சுரண்ட வேண்டும். அது முடிய ஆகும் நேரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் கேஸ் அடுப்பும் முட்டையை அவித்து, ஆறவைத்து, உரித்தும் கொடுத்துவிடும்.

இப்போது ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இது மிச்சப்படுத்தும் நேரம் எவ்வளவு, கழுவித் துடைத்து எடுத்து வைக்க ஆகும் நேரம் எவ்வளவு? பழுதானால் நம் ஏரியாவில் யார் பார்ப்பார்கள்? எந்த மூலையில் உட்காரும்? ரெண்டாவது கேள்வியில்தான் நிறைய விழும். மிக்ஸி ஜார் பிளேடு மாற்ற எங்கள் தெருமுனையிலேயே ஆள் இருக்கிறார். ரொட்டி மேக்கரைக் காட்டி, பழுதானால் பார்ப்பீர்களா என்று கேட்டபோது அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சந்தேகமானதை உடனே வெளியே தள்ளாதீர்கள். அட்டைப்பெட்டியில் போட்டு, ஒட்டி, மேலே தேதி எழுதி மூன்று மாதம் விடுங்கள். தேவைப்பட்டால் பெட்டியைக் கிழித்து எடுக்கலாம், தடையில்லை. எங்கள் பெட்டியிலிருந்து ஜூஸர் மட்டும் ஒரே ஒரு தடவை வெளியே வந்தது, மாம்பழ சீசனில். மூன்று மாதம் முடிந்ததும் மிச்சம் எதுவும் திரும்பவில்லை.

படி 2: மீட்டர் முன்னால் நில்லுங்கள்

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையதில் 3200. ராத்திரி படுக்கும் முன்னால் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். எல்லாம் நின்றுவிட்டது என்றுதான் நினைப்போம். எங்கள் மீட்டர் 45 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டியது.

கணக்கு சுலபம். 3200 சிமிட்டல் ஒரு யூனிட் என்றால், 45 விநாடிக்கு ஒன்று என்பது 25 வாட். செட்டாப் பாக்ஸ், வைஃபை, பேசும் ஸ்பீக்கர், தண்ணீர் மெஷினின் அடாப்டர், சும்மா மாட்டியிருந்த சார்ஜர்கள் எல்லாம் சேர்த்து வந்த கணக்கு. இருபத்து நாலு மணி நேரமும் 25 வாட் என்றால் ரெண்டு மாசத்தில் 36 யூனிட். நமக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாரும் பார்க்காத விளக்குகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கீழ்ப்படியின் விலையும் சேர்ந்து ஏறும் என்பதால் இன்னும் வலிக்கும்.

செய்ய வேண்டியது: டிவி பக்கத்துச் சாமான் எல்லாவற்றையும் சுவிட்ச் வைத்த ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். படுக்கும்போது ஒரே சுவிட்சை அணையுங்கள். ரிமோட்டில் அணைப்பது அணைப்பதாகாது. பேசும் ஸ்பீக்கரை நாங்கள் விட்டுவிட்டோம். என் மாமியார் பேசும் தமிழ் அதற்குப் புரியவில்லை, அது பேசிய தமிழ் அவருக்குப் புரியவில்லை.

கீசர்: 2000 வாட் கீசர் அரை மணி ஓடினால் 1 யூனிட். தினமும் என்றால் ரெண்டு மாசத்துக்கு 60. சென்னையில் மார்ச் முதல் அக்டோபர் வரை மாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே சூடாக வருகிறது. மத்தியானம் குழாயைத் திறந்தால் கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மார்கழி, தை ரெண்டு மாசம் மட்டும், பெரியவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் போதும். மற்ற மாசங்களில் அதன் சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். வாளியில் போடும் காயிலுக்கு மட்டும் மாறாதீர்கள், ஷாக் அடிக்கும் சாமான் அது.

இந்தக் கணக்கைப் பில்லுக்காக மட்டும் நான் பார்க்கவில்லை. நம் கரண்டில் ஒரு பங்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது. அங்கே நிலக்கரி எரித்த சாம்பல் செப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய சாம்பல் குளத்தில் போய்ச் சேர்கிறது. காற்றடித்தால் அந்த ஊரில் சட்டியை மூடித்தான் சோறு சாப்பிட வேண்டும். நாம் பார்க்காத ஸ்டாண்ட்பை விளக்குக்கும் கரி எரிகிறது, தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான்.

படி 3: ஆர்.ஓ. மெஷினை விசாரியுங்கள்

ஆர்.ஓ. என்பது தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கும் மெஷின். இதில் அவசரப்படாதீர்கள். வயிற்று விஷயம்.

முதலில் உங்கள் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். மெட்ரோ வாட்டரா, போரா, கேனா, லாரியா? ஒரே வீட்டில் குழாய்க்குக் குழாய் மாறும். வட சென்னைக்கு வரும் மெட்ரோ வாட்டர் புழலில் சுத்திகரித்தது, இல்லையென்றால் 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் நிலையத்தில் கடல்நீரைக் குடிநீராக்கியது. மீஞ்சூர் நிலையமே பெரிய ஆர்.ஓ.தான். அந்தத் தண்ணீரை வீட்டில் மறுபடியும் ஆர்.ஓ. மெஷினில் விடுவது துவைத்து வந்த வேட்டியை மறுபடியும் லாண்டரிக்குப் போடுவது போல.

கரைந்த உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கக்கூட வேண்டாம், சர்வீஸுக்கு வரும் பையனிடமே இருக்கும். இந்தியத் தர அமைப்பின் கணக்கில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் மெட்ரோ வாட்டர் முந்நூறுக்குள்தான் காட்டியது, போர் ஆயிரத்து எண்ணூறு. சரி, விஷயம் தெளிவாகிவிட்டது: போர் தண்ணீர் துவைக்கவும் கழுவவும், மெட்ரோ வாட்டர் குடிக்கவும்.

ஆனால் இந்த எண் உப்பை மட்டும்தான் சொல்லும். கிருமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. கொதிக்க வைப்பது அதற்கு நேர் எதிர்: கிருமி சாகும், உப்போ எண்ணெயோ போகாது. எனவே போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டில், முக்கியமாகத் தண்ணீரில் எண்ணெய் வாடை அடிக்கும் தெருவில், மெஷினை அணைத்துவிட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அங்கே வேறு தண்ணீர்தான் வழி.

அடுத்து, மெஷினின் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள். ஒரு குடம் நிறைவதற்குள் வாளியில் எவ்வளவு சேருகிறது என்று பாருங்கள். எங்கள் பழைய மெஷின் ஒரு குடத்துக்கு மூன்று குடம் வெளியே தள்ளியது. குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீர். அதில் முக்கால்வாசி சாக்கடைக்கு.

மெட்ரோ வாட்டர் வரும் வீட்டுக்கு மாற்று வழி இதுதான்:

தண்ணீர் விடும் நேரத்தில் முதல் ரெண்டு குடத்தைப் பாத்திரம் கழுவ ஒதுக்குங்கள். அடுத்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். மழைக்காலத்தில் சாக்கடை கலப்பது நம் பக்கம் புதிதில்லை. வாடை இருந்தால் கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம், அன்றைக்குக் கேன் வாங்கிவிட்டு மெட்ரோ வாட்டரின் 1916-க்குப் புகார் சொல்லுங்கள். நல்லதாக இருந்தால் வெள்ளைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் முழுசாக விட்டு இறக்குங்கள். மூடியபடியே ஆறட்டும். அப்புறம் பானைக்கு.

பானை புதிது என்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவுங்கள். உள்ளே சோப்புப் போடக்கூடாது, மண் சோப்பைக் குடித்துவிடும். தேங்காய் நார் போதும். அடியில் மணல் பரப்பி, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, காற்று வரும் இடத்தில் வையுங்கள். மண்ணின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஒன்று: மதுரைப் பானை போல இங்கே ஜில்லென்று ஆகாது. கடல்காற்றில் ஏற்கனவே ஈரம் இருப்பதால் ஆவியாவது குறைவு. ராயபுரத்தில் பானைத் தண்ணீர் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

படி 4: பத்து நிமிஷ டெலிவரியிலிருந்து இறங்குங்கள்

ஒரு வாரம் வீட்டுக்கு வரும் உறை, டப்பா, கவர் எதையும் எறியாமல் ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். நான் செய்தேன். ஏழாம் நாள் சாக்கு நிறைந்து, கட்ட முடியவில்லை. ஒரு கொத்து கொத்தமல்லிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ஒரு காகிதப் பை, அதற்குள் பில்.

இந்தச் சாக்கு எங்கே போகும் என்று தென் சென்னையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும். கொடுங்கையூர். 200 ஏக்கருக்கும் மேல் பரந்த குப்பைக் கிடங்கு, நகரின் வடக்குப் பக்கத்துக் குப்பை போய்ச் சேரும் இடம். அங்கே தீப்பிடித்த ராத்திரிகளில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் புழுங்கியபடி படுத்த யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நம் வாசலுக்கு வந்த வசதி பத்து நாளில் நம் மூக்குக்கு வருகிறது.

ஆப்பை அழிப்பதற்கு முன்னால், அது இல்லாவிட்டால் எப்படிச் சமாளிப்பது என்று ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நாள் மறுபடி ஏற்றிவிடுவீர்கள், நான் ஏற்றினேன். அடுப்பங்கரைச் சுவரில் ஒரு சிலேட்டு மாட்டி, தீரப்போவதை அவ்வப்போது எழுதுங்கள். அண்ணாச்சி கடைக்கு ஒரு நாளைக்கு ஒரே நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்குப் பின்னால் ஆணியில் மஞ்சப்பை தொங்க வேண்டும், பீரோவில் மடித்து வைத்தால் மறந்து போகும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. ஆனாலும் சாம்பாரைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போடும் கை இன்னும் ஓயவில்லை. ஒரு தூக்குவாளியை நீட்டினால் அதே கை அதிலும் ஊற்றும். கூடவே ரெண்டு கரண்டி அதிகமாக விழுவதையும் பார்த்திருக்கிறேன், கவருக்கு அளவு உண்டு, தூக்குக்குக் கிடையாது.

மீனை ஆப்பில் வாங்குவதுதான் எனக்குப் புரியவே இல்லை. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்து, ஒன்பது மணிக்குள் மீன்கார அம்மா தெருவுக்குள் வந்துவிடுகிறார். செவுளைத் தூக்கிக் காட்டி, செதில் எடுத்து, குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டு வெட்டித் தருகிறார். தலையைப் பூனைக்குப் போடுகிறார். இதற்கு மேல் என்ன வசதி வேண்டும்? எவர்சில்வர் டப்பாவோடு வாசலுக்குப் போனால் போதும்.

கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள். அவர்களுக்கு அது வசதியல்ல, தேவை.

படி 5: போனில் ஒரு அரை மணி

இது சீக்கிரம் முடியும். யு.பி.ஐ. ஆப்பைத் திறந்து, உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போங்கள். மாசாமாசம் தானாகப் பணம் எடுக்க யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று வரிசையாக இருக்கும். போன மாசம் தொடாததை எல்லாம் ரத்து செய்யுங்கள். நான் பார்த்தபோது பையன் எப்போதோ ஏற்றிய ஒரு விளையாட்டு ஏழு மாசமாகச் சத்தமில்லாமல் காசு எடுத்துக்கொண்டிருந்தது.

காலர் ட்யூன் போன்றவற்றை நிறுத்த எல்லா கம்பெனிக்கும் பொதுவான எண் 155223. விளம்பர அழைப்பை நிறுத்த 1909. அப்புறம் அறிவிப்புகள்: அழைப்பு, மெசேஜ், பேங்க் தவிர மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். அணைத்த முதல் நாள் போன் கெட்டுவிட்டதோ என்று ரெண்டு தடவை எடுத்துப் பார்ப்பீர்கள்.

படி 6: கொசு மருந்துக்குப் பதில் வலை

சொருகும் திரவ மருந்து மாசத்துக்கு ரெண்டு பாட்டில், மூடிய அறையில் ராத்திரி முழுக்க மூச்சில். நம் கொசுவுக்கு அது பழகிவிட்டது என்பது என் சந்தேகம், பாட்டில் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்கு நைலான் வலையை வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். கழற்றித் துவைக்கலாம். கட்டிலுக்குக் கொசுவலை. கட்டும்போது அல்ல, ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகும்போதுதான் எல்லோரும் ஏமாறுவார்கள். ஒரு சாண் உள்ளே போக வேண்டும்.

எதிரி ரெண்டு பேர் என்று தெரிந்தால் வேலை சுலபம். ராத்திரி காதில் பாடுவது பக்கிங்காம் கால்வாயிலும் சாக்கடையிலும் பெருகுவது. டெங்குவைக் கொண்டு வரும் ஏடிஸ் பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அது நம் வீட்டு டிரம்மிலும் ஃபிரிட்ஜின் பின்தட்டிலும்தான் பெருகுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். எனவே வாரத்தில் ஒரே கிழமையை வைத்துக்கொண்டு டிரம்மைக் கவிழ்த்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை.

படி 7: பக்கத்துத் தெருவுக்கு வண்டி எடுக்காதீர்கள்

கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு வண்டியில் போய் நிறுத்த இடம் தேடும் நேரத்தில் நடந்தே திரும்பிவிடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் கால். அதற்கு மேல் ஷேர் ஆட்டோ, ரயில், இல்லையென்றால் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ. சைக்கிளை நான் சொல்லவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் சைக்கிள் விடச் சொல்லும் வழிகாட்டியை எழுதியவர் அந்த ரோட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

படி 8: கழித்ததை ஒழுங்காக வழியனுப்புங்கள்

போகியில் மட்டும் எரிக்காதீர்கள். பிளாஸ்டிக்கும் டயரும் எரித்த புகை பனியோடு சேர்ந்து பொங்கலன்று காலை வரை தெருவில் நிற்கும். தங்கச்சி தலையிலும் கட்டாதீர்கள். "நல்லாத்தான் இருக்கு, நீ வெச்சுக்கோ" என்று கொடுப்பது அவர்கள் வீட்டுப் பரணை நிரப்புவதுதான்.

ஓடுகிற பொருளுக்கு, அதே பொருளைத் தேடுபவரைக் கண்டுபிடியுங்கள். எங்கள் சாண்ட்விச் டோஸ்டர் தெருமுனை ஜூஸ் கடைக்குப் போனது, அங்கே தினமும் வேலை செய்கிறது. ஓடாததைக் காயலான் கடைக்கு எடுத்துப் போங்கள். ஒயர், சர்க்யூட், பேட்டரி உள்ளதைத் தனியாக வையுங்கள். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பவர்கள் கைக்குப் போனால் அந்தப் புகையும் நமக்குத்தான். மின் கழிவை எங்கே கொடுக்கலாம் என்று மாநகராட்சியின் 1913-இல் கேளுங்கள்.

விலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ரொட்டி மேக்கரை நான் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது. காயலான் கடைக்காரர் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாக்கா, புச்சு மாதிரி கீது. ஓடுமா?"

"ஓடும்."

"அப்பறம் ஏன் போடறே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தராசில் வைத்தார். மேல் தட்டு, கீழ்த் தட்டு ரெண்டும் அலுமினியம், கைப்பிடி பிளாஸ்டிக். தட்டை மட்டும் கழற்றி நிறுத்துக் காசு கொடுத்தார். அதில் அன்றைக்குச் சப்பாத்திக்கு ஒரு கிலோ கோதுமை மாவு வந்தது.

படி 9: திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

காலியான பரண் ஆபத்தானது. ஆடித் தள்ளுபடிக்கு எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போனவர் கையில் வேறொரு அட்டைப்பெட்டியோடு திரும்புவார். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் முறை: வீட்டில் யாருக்கு எந்த மெஷின் வேண்டுமென்றாலும் தினசரிக் காலண்டரின் அட்டையில் தேதியோடு எழுத வேண்டும். அடுத்த கரண்ட் பில் வரும்வரை வாங்கக்கூடாது. அந்த ரெண்டு மாசத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கக்கூடிய ஒவ்வொரு தடவைக்கும் பேரின் பக்கத்தில் ஒரு கோடு. பில் வரும் அன்று கோடுகளை எண்ணுங்கள். இருபதுக்குக் குறைவு என்றால் பேரை அடித்துவிடலாம்.

மின்சாரக் கெட்டில் இந்தச் சோதனையில் ஜெயித்து வீட்டுக்குள் வந்தது. மாமனாருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மாத்திரையோடு வெந்நீர் வேண்டும், அந்த நேரத்தில் அவரை அடுப்பு பற்றவைக்க விட முடியாது. அறுபது கோடு. வாக்குவம் கிளீனருக்கு மூன்று. வெங்காயம் நறுக்கும் டப்பாவுக்கு ஒன்று, அதுவும் விருந்தாளி வந்த நாள்.

இப்போது அட்டையில் ஒரே ஒரு பேர் இருக்கிறது. ஏர் ஃப்ரையர். எண்ணெய் இல்லாமல் அப்பளம் பொரியும் என்று யாரோ கோயிலில் சொன்னார்களாம். எழுதியவர் என் மாமியார். பில் வர இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, முப்பத்தொரு கோடு போட்டிருக்கிறார். சில நாளில் ரெண்டு கோடு விழுவதை நான் கவனித்தேன், கேட்கவில்லை.